எஸ்எஸ்என் லீக் ஆனதா லெட்டர் வந்திருக்கா? மொதல்ல ஃப்ரீஸ், மத்ததெல்லாம் அப்புறம்

கேள்வியை மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும். இவர் அமெரிக்கால எச்1பி விசால வேலை பாக்குறார். இதுவரைக்கும் பேரே கேள்விப்படாத ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனில இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு, உங்க பேரு, பிறந்த தேதி, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), இன்சூரன்ஸ் மெம்பர் நம்பர் எல்லாம் வெளிய போயிருக்கலாம், அதனால ஒரு வருஷத்துக்கு கிரெடிட் மானிட்டரிங் இலவசமா தர்றோம்னு. மனைவி எச்4, அதாவது டிபெண்டன்ட் விசா, எஸ்எஸ்என் கிடையாது, டாக்ஸுக்குன்னு குடுக்கற ஐடின் நம்பர் மட்டும்தான். குழந்தை இங்கயே பொறந்தது, அதுக்கு எஸ்எஸ்என் இருக்கு. இன்னும் சில மாசத்துல வீட்டு லோன் போடப் போறாங்க. அந்த மானிட்டரிங்ல சேந்துட்டா போதுமா, வேற ஏதாவது செய்யணுமா, ஒரு வருஷம் முடிஞ்சா என்ன பண்றது, ஃப்ரீஸ் போட்டா ஸ்கோர் குறையுமோன்னு கேக்குறார்.

போதாதுங்க. அதுல சேருங்க, தப்பில்ல, ஆனா அது நடந்து முடிஞ்சதை உங்களுக்கு சொல்ற சர்வீஸ், நடக்காம தடுக்கற சர்வீஸ் இல்ல. எவனோ உங்க பேர்ல கார் லோன் வாங்கிட்டான்னு ஒரு ஈமெயில் வரும், அவ்வளவுதான், அதுக்கப்புறம் போன் பண்றது, லெட்டர் போடறது, மாசக்கணக்கா அலையறது எல்லாம் நீங்கதான். தடுக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது புதுசா கடன் குடுக்கறவங்க உங்க கடன் ஃபைலைப் பாக்க முடியாம பூட்டி வைக்கறது. இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அதைப் பண்ணிடுங்க, மிச்சத்தை பொறுமையா படிச்சுக்கலாம்.

லோன் அப்ளிகேஷன்ல ஃப்ராட் இருக்கான்னு பாக்குற வேலைல நான் ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன், அது புரிஞ்சா ஃப்ரீஸ் ஏன் முக்கியம்னு தானா புரியும். திருடன் உங்க பேரு, எஸ்எஸ்என், பிறந்த தேதி போட்டு, அட்ரஸ் மட்டும் அவனோடது போட்டு, ஆன்லைன்ல ஒரு கிரெடிட் கார்டுக்கு அப்ளை பண்றான். எங்க சிஸ்டம் உடனே ஒரு கிரெடிட் பீரோ கிட்ட, அதாவது எல்லாரோட கடன் விவரத்தையும் சேத்து வச்சிருக்கற கம்பெனி கிட்ட, இந்த ஆளோட ரிப்போர்ட் குடுன்னு கேக்கும். ஃப்ரீஸ் இல்லன்னா ரெண்டு மூணு செகண்ட்ல ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்கா கட்டறவரான்னு காட்ற மார்க், வந்துடும், உங்க ஸ்கோர் நல்லா இருந்தா மனுஷன் யாரும் பாக்காமலே அப்ரூவ் கூட ஆயிடும். நீங்க வருஷக்கணக்கா ஒரு பில் கூட தவறாம கட்டி சேத்து வச்ச நல்ல பேரு இருக்கே, அதைத்தான் அவன் எடுத்து செலவு பண்றான். ஃப்ரீஸ் இருந்தா ஸ்கோரே வராது, ஃபைல் ஃப்ரீஸ்ல இருக்குன்னு ஒரு பதில் மட்டும் திரும்பி வரும், அப்ளிகேஷன் அங்கயே நின்னுடும். அப்ளை பண்ணவர் பீரோவோட பேசி ஃப்ரீஸை எடுத்துட்டு வரணும்னு சொல்லிடுவோம். உண்மையான ஆளா இருந்தா பத்து நிமிஷத்துல எடுத்துட்டு வந்துடுவார். திருடன் திரும்பி வரமாட்டான், அவன் கிட்ட பேருங்க லட்சக்கணக்குல இருக்கு, ஃப்ரீஸ் பண்ணாத அடுத்த ஆளைத் தேடிப் போயிடுவான்.

இங்க ஒண்ணு கவனிங்க, கார்டு கம்பெனிங்க நிறைய பேர் ஒரே ஒரு பீரோ கிட்டதான் ரிப்போர்ட் எடுப்பாங்க, எந்த பீரோன்னு ஆளுக்கு ஆள் மாறும். அதனால ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் மூணுலயும் தனித்தனியா பண்ணணும். ஒண்ணுல பண்ணா மத்த ரெண்டுக்கும் தானா போயிடும்னு நிறைய பேர் நெனைச்சுட்டு இருக்காங்க, போகாது. ரெண்டுல பண்ணிட்டு மூணாவதுல ஓடிபி வரலன்னு அப்படியே விட்டவங்களையும் பாத்திருக்கேன், அது மூணு கதவுல ரெண்டை மட்டும் பூட்டின மாதிரிதான்.

காசு எவ்வளவு ஆகும்னு பயப்படாதீங்க, ஒரு பைசா கூட கிடையாது. முன்னாடி பல மாநிலத்துல ஃப்ரீஸ் போடவும் எடுக்கவும் கட்டணம் வாங்கிட்டு இருந்தாங்க. 2017ல ஈக்விஃபாக்ஸ்லயே சுமார் 14.7 கோடி பேரோட டேட்டா திருடு போச்சு, நம்ம தகவலை சேத்து வச்சு விக்கறதே தொழிலா இருக்கற கம்பெனிலயே. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டைக்கு மார்ச் மாசமே பேட்ச் வந்துடுச்சு, அதைப் போடாம விட்டதால மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் உள்ள இருந்து அள்ளிட்டுப் போனாங்க, ஜூலை 29ல கண்டுபிடிச்சு செப்டம்பர் 7ல தான் ஊருக்கே சொன்னாங்க. அந்தக் கோபத்துல தான் 2018 மே மாசம் ஒரு சட்டம் வந்து, அந்த வருஷம் செப்டம்பர் 21ல இருந்து நாடு முழுக்க ஃப்ரீஸ் இலவசம். ஆன்லைன்லயோ போன்லயோ கேட்டா ஒரு வேலை நாளுக்குள்ள போட்டுத் தரணும், எடுக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்துத் தரணும், தபால்ல கேட்டா 3 வேலை நாள். இது சட்டம், அவங்க பெரிய மனசு பண்ணி தர்றது இல்ல.

பண்ணப் போறப்போ ஒரு எச்சரிக்கை. ஃப்ரீஸ் பட்டன் கண்ணுக்குத் தெரியாம ஒரு மூலைல இருக்கும், அதுக்குப் பக்கத்துல பெருசா கலர் கலரா லாக், ப்ரீமியம், ப்ரொடெக்ஷன்னு மாசக் கட்டணத்தோட ஏதாவது மின்னிட்டு இருக்கும். லாக்ங்கறது கம்பெனி விக்கற ப்ராடக்ட், அதோட விதிமுறை எல்லாம் கம்பெனி எழுதின காண்ட்ராக்ட்ல இருக்கும். ஃப்ரீஸ்ங்கறது உங்க சட்ட உரிமை. ரெண்டும் வேலை ஒரே மாதிரி தான் செய்யும், ஆனா நாளைக்கு ஒரு தப்பு நடந்தா சட்டம் பின்னாடி நிக்கறது ஃப்ரீஸுக்கு மட்டும்தான். செக்யூரிட்டி ஃப்ரீஸ்னு எழுதியிருக்கறதை மட்டும் தேடிப் பிடிங்க, எந்த எடத்துலயாவது கார்டு நம்பர் கேட்டா தப்பான பேஜ்ல இருக்கீங்கன்னு அர்த்தம்.

சைட் அட்ரஸை நீங்களே டைப் பண்ணுங்க, எந்த லிங்க்கையும் க்ளிக் பண்ணாதீங்க, லெட்டர்லயோ ஈமெயில்லயோ வந்திருந்தாலும் சரி. 2017ல அந்த டேட்டா திருட்டுக்குன்னு ஈக்விஃபாக்ஸ் தனியா ஒரு சைட் ஆரம்பிச்சாங்க, அந்தப் பேர்ல ரெண்டு வார்த்தையை மட்டும் இடம் மாத்திப் போட்டு ஒரு டெவலப்பர் போலி சைட் ஒண்ணு செஞ்சு வச்சார், எவ்வளவு சுலபமா ஏமாத்தலாம்னு காட்றதுக்காக. ஈக்விஃபாக்ஸோட சொந்த ட்விட்டர் அக்கவுண்ட்லயே ஜனங்களுக்கு அந்த போலி அட்ரஸை பல தடவை குடுத்துட்டாங்க. கம்பெனிக்காரங்களுக்கே வித்தியாசம் தெரியல, நமக்கு அவசரத்துல எப்படித் தெரியும்.

இப்ப நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு பிரச்சினை இருக்கு, இதை இங்கிலீஷ்ல வர்ற கட்டுரைங்கள்ல பாக்க முடியாது. நம்ம பேரு. அப்பா பேரு லாஸ்ட் நேமா இருக்கும், இல்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல கிவன் நேம் காலியா இருந்தா விசாவுல எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்)னு போட்டு அதுவே முதல் பேரா எல்லா எடத்துலயும் ஒட்டிக்கும். ஒரு பேங்க்ல ஒரு மாதிரி, எஸ்எஸ்என் கார்டுல ஒரு மாதிரி, லைசென்ஸ்ல இன்னொரு மாதிரி. இதனால பீரோவுல ஒரே ஆளுக்கு ரெண்டு ஃபைல் இருக்கலாம், இல்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே லாஸ்ட் நேம், ஒரே அட்ரஸ்ல தங்கியிருந்தா ஒருத்தரோட கார்டு இன்னொருத்தர் ஃபைல்ல போய் உக்காந்திருக்கும். ஆன்லைன்ல ஃப்ரீஸ் போடப் போனா உங்க ஃபைலைக் கண்டுபிடிக்க முடியலன்னு வரும். அப்படி வந்தா விட்டுடாதீங்க. எஸ்எஸ்என் கார்டுல இருக்கற பேரை அப்படியே போட்டுப் பாருங்க, பழைய அட்ரஸ் போட்டுப் பாருங்க, அதுவும் சரி வரலன்னா அடையாள அட்டை நகல், எஸ்எஸ்என் ஆதாரம், அட்ரஸ் ஆதாரம் வச்சு தபால்ல அனுப்புங்க. அப்படியே எந்தப் பேர் சரின்னும் எழுதி, மத்த பேர் எல்லாம் ஒரே ஆள்தான்னு சேத்துடச் சொல்லுங்க. வீட்டு லோனுக்கு முன்னாடி எப்படியும் இதைச் செய்யத்தான் வேணும், லோன் ஆபீசர் கடைசி வாரத்துல இதைக் கேட்டா கஷ்டம்.

ஃப்ரீஸ் போட்டாச்சா, அடுத்தது ரிப்போர்ட். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம், இது ஒண்ணு தான் சட்டப்படி அமைஞ்ச சைட், மூணு பீரோ ரிப்போர்ட்டும் வாரத்துக்கு ஒரு தடவை இலவசமா எடுக்கலாம். ஃப்ரீஸ் இருந்தாலும் உங்க ரிப்போர்ட்டை நீங்க பாக்கலாம், அதுக்குத் தடை இல்ல. நிறைய பேர் ஆப்ல ஸ்கோரை மட்டும் பாத்துட்டு 780 இருக்கு, நான் சேஃப்னு இருக்காங்க. ஸ்கோர் கடைசியாதான் விழும். திருடன் புதுசா வாங்கின லோன்ல மொதல் ரெண்டு மாசம் ஒழுங்கா பணம் கட்டிட்டு அப்புறம் பெரிய தொகையா எடுத்துட்டு ஓடறவனும் உண்டு, அதுவரைக்கும் உங்க ஸ்கோர் பெருசா அசையாது.

ரிப்போர்ட்டை மேல இருந்து படிங்க. மொதல்ல பேரு, அட்ரஸ், வேலை பாத்த எடம் வரும், எல்லாரும் தாண்டிப் போற பகுதி இதுதான், நான் முதல்ல பாக்குறதே இங்கதான். நீங்க நியூஜெர்சியும் டெக்சஸும் தவிர வேற எங்கயும் இருந்ததே இல்ல, ஆனா ஃப்ளோரிடால ஒரு அபார்ட்மெண்ட் அட்ரஸ் இருக்குன்னு வச்சுக்குங்க, எவனோ அந்த அட்ரஸ் போட்டு உங்க பேர்ல எதுக்கோ அப்ளை பண்ணியிருக்கான்னு சந்தேகப்படணும். அக்கவுண்ட் லிஸ்ட்ல எதுவும் இல்லன்னாலும் இது முன்கூட்டியே கிடைக்கற துப்பு. அப்புறம் கடைசிப் பகுதில இன்க்வைரி. ஹார்ட் இன்க்வைரின்னா யாரோ உங்க பேர்ல கடன் கேட்டிருக்காங்க, அது ரெண்டு வருஷம் ரிப்போர்ட்ல இருக்கும். நீங்க அப்ளை பண்ணாத கம்பெனி பேரு அங்க இருந்தா அன்னைக்கே அந்தக் கம்பெனியோட ஃப்ராட் டிபார்ட்மெண்டுக்கு போன் பண்ணுங்க. சாஃப்ட் இன்க்வைரின்னு நிறைய இருக்கும், அது விளம்பரத்துக்காகவும் ஏற்கனவே இருக்கற கார்டு கம்பெனிங்க பாக்குறதும், அதைப் பாத்து பதற வேண்டாம்.

ஃப்ராட் அலர்ட்னு ஒண்ணு இருக்கு, அதையும் ஃப்ரீஸையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. அலர்ட் போட்டா ரிப்போர்ட் போகும், ஆனா கடன் குடுக்கறவங்க உண்மையிலயே நீங்கதானான்னு உறுதிப்படுத்தணும், பொதுவா உங்க நம்பருக்கு போன் பண்ணிக் கேப்பாங்க. இதை ஒரு பீரோ கிட்ட சொன்னா போதும், அவங்களே மத்த ரெண்டு பேருக்கும் சொல்லணும். ஒரு வருஷம் இருக்கும், திரும்ப நீட்டிக்கலாம். உண்மையிலயே அடையாளத் திருட்டு நடந்து ரிப்போர்ட் குடுத்திருந்தா 7 வருஷ அலர்ட் கேக்கலாம். உங்களுக்கு நான் ரெண்டும் போடச் சொல்வேன், ஏன்னா வீட்டு லோனுக்காக ஃப்ரீஸைத் திறக்கற நாட்கள்ல அலர்ட் ஒண்ணு காவலுக்கு இருக்கும்.

ஃப்ரீஸ் எதையெல்லாம் தடுக்காதுன்னும் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா போட்டுட்டு நிம்மதியா இருந்துடுவோம். ஏற்கனவே உங்க கிட்ட இருக்கற கார்டுல எவனாவது வாங்கினா அது தடுக்காது, அதுக்கு ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனுக்கும் அலர்ட் வர்ற மாதிரி பேங்க் ஆப்ல போட்டு வைங்க. கிரெடிட் கார்டா இருந்தா சட்டப்படி உங்க பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு அப்படி இல்ல, கார்டு தொலைஞ்சதோ திருடு போனதோ தெரிஞ்சு 2 வேலை நாளுக்குள்ள சொன்னா 50, அதைத் தாண்டினா 500 வரைக்கும், ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாளும் சும்மா இருந்துட்டா அதுக்கப்புறம் போற பணத்துக்கு வரம்பே இல்ல. ஊர்ல இருந்து வந்த புதுசுல டெபிட் கார்டையே எல்லாத்துக்கும் தேய்க்கற பழக்கம் நம்மள்ல நிறைய பேருக்கு உண்டு, அதை விட்டுடுங்க.

உங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் திறக்கறதையும் மூணு பீரோ ஃப்ரீஸ் முழுசா தடுக்காது, நிறைய பேங்க் அதுக்கு செக்ஸ் சிஸ்டம்ஸ்னு வேற ஒரு ஏஜென்சி கிட்டதான் கேக்கும். திருட்டுப் பணத்தை உங்க பேர்ல இருக்கற அக்கவுண்ட் வழியா ஓட்டிட்டுப் போனா போலீஸ் வந்து நிக்கறது உங்க வாசல்ல. அங்கயும் ஃப்ரீஸ் இலவசம். போன் கனெக்ஷன், கரண்ட் கனெக்ஷனுக்கு என்சிடியூஇன்னு ஒண்ணு, நாலாவது கிரெடிட் பீரோ மாதிரி இன்னோவிஸ்னு ஒண்ணு, இதெல்லாம் ஒரு சனிக்கிழமை உக்காந்து முடிச்சுடலாம், ஆனா மூணு பெரிய பீரோ முடிச்ச பிறகு.

டாக்ஸ் விஷயம் இதை விட முக்கியம்னு நான் சொல்வேன், யாரும் கவனிக்கறதில்ல. உங்க எஸ்எஸ்என் வச்சு ஜனவரி கடைசிலயே ஒருத்தன் பொய் டபிள்யூ2 (சம்பளம், பிடிச்ச டாக்ஸ் காட்ற ஃபார்ம்) போட்டு ரிட்டர்ன் ஃபைல் பண்ணி ரீஃபண்ட் வாங்கிட்டுப் போயிடுவான். மார்ச்ல நீங்க இ-ஃபைல் பண்றப்போ இந்த எஸ்எஸ்என்ல ஏற்கனவே ரிட்டர்ன் வந்தாச்சுன்னு ரிஜெக்ட் ஆகும், அப்பதான் தெரியும், அதைச் சரி பண்ணி பணம் வர்றதுக்கு எத்தனையோ மாசம் ஆகும். இதுக்கு கிரெடிட் ஃப்ரீஸ்ல மருந்து இல்ல. அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் சைட்ல அக்கவுண்ட் திறந்து ஐபி பின் வாங்குங்க, 6 இலக்க நம்பர், வருஷா வருஷம் மாறும், அது இல்லாம உங்க பேர்ல இ-ஃபைல் ஆகாது. முன்னாடி பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும் குடுத்துட்டு இருந்தாங்க, 2021ல இருந்து அடையாளத்தை நிரூபிக்க முடிஞ்ச எல்லாரும் வாங்கலாம், ஐடின் வச்சிருக்கறவங்களும் தான். அதனால உங்க மனைவிக்கும் வாங்குங்க. அந்த பின் நம்பரை டாக்ஸ் போடறவர் கிட்ட ஃபைல் பண்ற நேரத்துல மட்டும் குடுங்க, போன்ல யார் கேட்டாலும் குடுக்காதீங்க, ஐஆர்எஸ் போன் பண்ணி அதைக் கேக்கவே கேக்காது.

மனைவிக்கு எஸ்எஸ்என் இல்லாததால ஆபத்தே இல்லன்னு நெனைக்காதீங்க. உங்க கார்டுல ஆத்தரைஸ்டு யூசரா சேத்திருந்தா அவங்க பேர்ல பீரோவுல ஃபைல் இருக்க வாய்ப்பு இருக்கு, ஆன்லைன்ல எஸ்எஸ்என் இல்லாம உள்ள விடாது, தபால்ல தான் அனுப்பணும். அவங்களுக்கு இப்போ பெரிய கவலை இன்சூரன்ஸ் மெம்பர் நம்பர். அதை வச்சு வேற ஒருத்தர் சிகிச்சை எடுத்துக்கலாம், இல்ல செய்யாத சிகிச்சைக்கு ஒரு க்ளினிக் பில் போடலாம். இன்சூரன்ஸ் கம்பெனில இருந்து வர்ற எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ் பேப்பரை, இது பில் இல்லன்னு மேல எழுதியிருக்கறதால எல்லாரும் குப்பைல போட்டுடுறோம். போடாதீங்க, தேதியும் டாக்டர் பேரும் பாருங்க, நீங்க போகாத தேதில எதுவாவது இருந்தா இன்சூரன்ஸுக்கு போன் போடுங்க. பண நஷ்டம் மட்டும் இல்ல, வேற ஒருத்தரோட ரத்த வகையும் அலர்ஜியும் உங்க மெடிக்கல் ரெக்கார்டுல ஏறிட்டா எமர்ஜென்சில என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த மாதிரி கேள்விப்படாத கம்பெனி பேர்ல லெட்டர் வர்றது சகஜம்தான். 2024 பிப்ரவரில சேஞ்ச் ஹெல்த்கேர்னு ஒரு கம்பெனில ரேன்சம்வேர் தாக்குதல் நடந்து சுமார் 19 கோடி பேரோட தகவல் போச்சு, அதுல பாதிக்கப்பட்டவங்க நிறைய பேர் அந்தப் பேரையே அப்பதான் கேக்குறாங்க, டாக்டருக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவுல க்ளெய்மைக் கொண்டு சேக்கற கம்பெனி அது. அதனால பேர் தெரியலங்கறதுக்காக லெட்டரை ஸ்கேம்னு தூக்கிப் போடாதீங்க, ஆனா அதுல இருக்கற நம்பருக்கும் உடனே போன் பண்ணிடாதீங்க. உங்க இன்சூரன்ஸ் கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்குப் பண்ணி இது உண்மையான்னு கேட்டுட்டு அப்புறம் லெட்டர்ல சேர்றதுக்குன்னு குடுத்திருக்கற கோட் நம்பரைப் போட்டு மானிட்டரிங்ல சேருங்க, கடைசித் தேதி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள. லெட்டரைப் பத்திரமா வைங்க, பின்னாடி கேஸ் போட்டு நஷ்டஈட்டு செட்டில்மெண்ட் வந்தா ஆதாரம். செட்டில்மெண்ட்ல பெருசா பணம் வரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, ஈக்விஃபாக்ஸ் விஷயத்துல 125 டாலர் தர்றோம்னாங்க, ஆனா அதுக்குன்னு ஒதுக்கினது மொத்தமே 3.1 கோடி டாலர், கேட்டவங்க கூட்டம் அவ்வளவு பெருசு, கடைசில கைக்கு வந்தது ரொம்பக் கொஞ்சம்.

ஒரு வருஷம் மானிட்டரிங் முடிஞ்சா என்ன பண்றதுன்னும் கேட்டிருந்தீங்க. பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம், கார்டு நம்பர் போனா புது கார்டு வரும், எஸ்எஸ்என்னும் பிறந்த தேதியும் சாகற வரைக்கும் அதேதான். சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் புது நம்பர் குடுக்கறது ரொம்ப அபூர்வம், குடுத்தாலும் பழைய நம்பரோட தொடர்பு போகாது, புதுசா வேற தலைவலி. அதனால திருடினவன் அவசரப்பட மாட்டான், எல்லாரும் மறந்த பிறகு மூணு நாலு வருஷம் கழிச்சுக் கூட எடுத்துப் பயன்படுத்துவான். ஃப்ரீஸ் மட்டும்தான் நீங்களா எடுக்கற வரைக்கும் அப்படியே இருக்கும், புதுப்பிக்க வேண்டியதே இல்ல. ஃப்ரீஸ்ல இருக்கறதுதான் உங்க ஃபைலோட வழக்கமான நிலைமைன்னு வச்சுக்குங்க, கடன் வேணுங்கறப்போ மட்டும் திறங்க.

குழந்தை விஷயத்துல தான் எனக்கு ரொம்பக் கவலை, ஏன்னா அது வளந்து 18 வயசாகி காலேஜ் லோன் கேக்கற வரைக்கும் யாருமே அதோட ஃபைலைப் பாக்க மாட்டோம். சுத்தமான எஸ்எஸ்என், எந்தக் கடனும் இல்ல, அதுல ஒரு பொய்ப் பேரும் பொய்ப் பிறந்த தேதியும் சேத்து இல்லாத ஒரு ஆளையே உருவாக்கிடுவானுங்க. எங்க வேலைல கண்டுபிடிக்கறதுக்கு ரொம்பக் கஷ்டமானது இந்த வகைதான், புகார் குடுக்க ஆளே இருக்காது. 16 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு அப்பா அம்மா ஃப்ரீஸ் கேக்கலாம், இதுவும் இலவசம், ஃபைல் இல்லன்னா ஒண்ணு உண்டாக்கி அதை ஃப்ரீஸ் பண்ணி வைக்கணும்னு சட்டம் சொல்லுது. பர்த் சர்டிஃபிகேட், குழந்தையோட எஸ்எஸ்என் கார்டு, உங்க லைசென்ஸ், அட்ரஸ் ஆதாரம், எல்லாம் நகல் எடுத்து மூணு பீரோவுக்கும் தனித்தனியா சர்டிஃபைடு மெயில்ல அனுப்புங்க, ஒரிஜினல் அனுப்பவே கூடாது. உறுதி லெட்டர் வந்ததும் பாஸ்போர்ட் வைக்கற எடத்துலயே வைங்க, குழந்தை பெருசானதும் அதுதான் எடுக்கணும்.

ஒருவேளை ரிப்போர்ட்ல உண்மையிலயே திருட்டுக் கணக்கு ஒண்ணு இருந்துச்சுன்னா, ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் சைட்டுக்குப் போங்க, நுகர்வோரைப் பாதுகாக்கற அரசு அமைப்பு எஃப்டிசி நடத்தறது, அங்க நடந்ததை எழுதினா ஒரு ரிப்போர்ட் வரும், அதுதான் உங்க ஆயுதம். அதோட நகலை வச்சு பீரோவுக்கு எழுதினா 4 வேலை நாளுக்குள்ள அந்தத் தகவலை ரிப்போர்ட்ல இருந்து மறைக்கணும், சும்மா டிஸ்ப்யூட் மட்டும் போட்டா விசாரிக்க 30 நாள் எடுத்துப்பாங்க. அதே நேரத்துல கடன் குடுத்த கம்பெனிக்கும் எழுதி, கணக்கை மூடி, இது என்னோடது இல்லன்னு எழுத்துல வாங்குங்க. கலெக்ஷன் ஏஜென்ட் போன் பண்ணி இப்போதைக்கு 25 டாலர் கட்டுங்க, மிச்சத்தைப் பேசித் தீத்துக்கலாம்னு இனிமையா பேசுவார். ஒரு டாலர் கூட கட்டாதீங்க, கட்டினா கடன் உங்களோடதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி வாதம் பண்ணுவாங்க. எழுத்துல அனுப்பச் சொல்லுங்க, எழுத்துலயே மறுங்க.

போன்ல வர்ற மிரட்டலைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், விசாவுல இருக்கற நம்மளை குறி வச்சே பண்றாங்க. உங்க எஸ்எஸ்என் சஸ்பெண்ட் ஆயிடுச்சு, உங்க பேர்ல கேஸ் இருக்கு, இமிக்ரேஷனுக்கு சொல்லிடுவோம்னு ஆரம்பிப்பான், லீக்கான டேட்டாவுல இருந்து உங்க பிறந்த தேதியும் பழைய அட்ரஸும் சரியா சொல்வான், அதைக் கேட்டதும் நமக்கு நம்பிக்கை வந்துடும். எஸ்எஸ்என்னை சஸ்பெண்ட் பண்றதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கிஃப்ட் கார்டுல பணம் கேக்கற அரசாங்கமும் கிடையாது. கட் பண்ணுங்க, மரியாதை பாக்காதீங்க. வீட்ல இருக்கற மனைவிக்கும், ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவுக்கும் இதை உக்கார வச்சு சொல்லுங்க, பகல்ல அந்த போனை எடுக்கறது அவங்கதான்.

கடைசியா வீட்டு லோன். ஃப்ரீஸ் போட்டா ஸ்கோர் குறையுமோன்னு பயந்தீங்க, ஒரு பாயிண்ட் கூட குறையாது, லோனுக்கும் தடை இல்ல. கார்டுக்கு ஒரு பீரோ போதும், ஆனா வீட்டு லோனுக்கு மூணு பீரோவும் பாப்பாங்க, க்ளோஸிங்குக்கு, அதாவது கடைசிக் கையெழுத்துக்கு, முன்னாடி திரும்ப ஒரு தடவையும் பாக்க வாய்ப்பு உண்டு. அதனால லோன் ஆபீசர் கிட்ட என்னைக்கு எடுக்கறீங்க, திரும்ப எப்போ எடுப்பீங்கன்னு தேதி கேட்டுக்கிட்டு, மூணு சைட்லயும் அந்தத் தேதிக்கு மட்டும் தற்காலிகமா திறங்க, முடிவு தேதி போட்டுட்டா தானா மூடிக்கும். நிரந்தரமா எடுக்கறதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைத் தொடாதீங்க. நாலஞ்சு பேங்க்ல ரேட் விசாரிக்கணும்னா எல்லாத்தையும் 14 நாளுக்குள்ள முடிங்க, அப்ப எல்லா இன்க்வைரியும் ஸ்கோர்ல ஒண்ணாத்தான் கணக்கு ஆகும், ஃபைலும் ரொம்ப நாள் திறந்து கிடக்காது. மூணு சைட்டோட லாகினும் உங்க மொபைல் நம்பரும் சரியா இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க, நம்பர் மாத்தியிருந்தா ஓடிபி பழைய நம்பருக்குப் போகும், ரேட் லாக், அதாவது பேங்க் சொன்ன வட்டி மாறாதுன்னு குடுத்த கெடு, முடியற நாள்ல அதைச் சரி பண்ணிட்டு நிக்க முடியாது. சாவி கைக்கு வந்த அன்னைக்கு மூணுலயும் ஒரு தடவை உள்ள போய் ஃப்ரீஸ் திரும்ப விழுந்திருக்கான்னு பாத்துடுங்க, ஏதாவது ஒண்ணுல வரலன்னா இங்கயே எழுதுங்க, என்ன பண்ணலாம்னு சொல்றேன்.